நாலு நிமிஷத்துல ஒரு மைல்: ஃபார்வர்ட் சொல்ற கதையும் நெஜமா நடந்ததும்

இந்த ஃபார்வர்ட் உங்களுக்கும் எப்பவாவது வந்திருக்கும். ஒரு மைல நாலு நிமிஷத்துக்குள்ள ஓடினா மனுஷனுக்கு இதயம் வெடிச்சிரும்னு டாக்டருங்க சொன்னாங்களாம், உலகமே நம்பிச்சாம், 1954ல ரோஜர் பானிஸ்டர்னு ஒருத்தர் ஓடிக் காட்டிட்டாராம், உடனே அடுத்த ஒரு வருஷத்துல முப்பது பேர் ஓடிட்டாங்களாம், அதுக்கடுத்த வருஷம் முந்நூறு பேராம், ஆகவே நண்பர்களே தடை எல்லாம் நம்ம மனசுலதான் இருக்கு, குட் மார்னிங்.

பானிஸ்டர் ஓடினது நெஜம். மத்ததுல முக்காவாசி கதை. அவர் ஓடி சரியா ஒரு வருஷம் முடிஞ்ச அன்னிக்கு, நாலு நிமிஷத்துக்குள்ள ஓடினவங்க உலகத்துலயே மொத்தம் ரெண்டு பேருதான். ஒண்ணு அவரு, இன்னொண்ணு ஆஸ்திரேலியாக்காரர் ஜான் லாண்டி. அதுக்கப்புறம் 1955 மே 28ல லண்டன்ல ஒரே ரேஸ்ல மூணு பேர் ஓடினாங்க, அப்பவும் மொத்தம் அஞ்சுதான். முப்பதும் இல்ல, முந்நூறும் இல்ல. இதயம் வெடிக்கிற கதைய பொறுத்தவரை, பானிஸ்டரே மெடிசின் படிச்சவரு, ஆக்ஸ்ஃபோர்ட்ல ஆளுங்கள ட்ரெட்மில்ல ஓட விட்டு, ஆக்ஸிஜன் கூடுதலா கலந்த காத்த சுவாசிக்க வச்சு என்ன ஆகுதுன்னு ஆராய்ச்சி பண்ணவரு, ஓடற உடம்புக்குள்ள என்ன நடக்குதுன்னு அந்தக் காலத்துலயே நல்லா தெரிஞ்ச ஒருத்தர்.

மொதல்ல அது எவ்ளோ வேகம்னு சொல்லிடறேன், ஏன்னா நம்பரா படிச்சா உறைக்காது. ஒரு மைல்னா 1609 மீட்டர் சொச்சம். நாலு நிமிஷம்னா மணிக்கு 24 கிலோமீட்டருக்கு மேல. எங்க ஏரியா ஜிம்ல இருக்கற ட்ரெட்மில்லோட மேக்ஸிமமே 16தான், அதுல ஃபுல் ஸ்பீடு வச்சு ஒரு மைல் முடிச்சா ஆறு நிமிஷம் ஆகும். நான் அந்த 16ல ஒரு தடவ ஏறிப் பாத்தேன், நாப்பது செகண்ட் தாண்டல, கம்பிய புடிச்சுக்கிட்டு ரெண்டு பக்கமும் கால வச்சு நின்னுட்டேன், பக்கத்து மெஷின்ல நடந்துக்கிட்டிருந்த ஒரு அங்கிள் "மெதுவா தம்பி"ன்னாரு. வேற மாதிரி சொல்லணும்னா 100 மீட்டர 15 செகண்ட்ல ஓடணும், ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டேல பாத்திருப்போமே அந்த மாதிரி, ஆனா நிக்காம வரிசையா 16 தடவ.

இந்த நாலு நிமிஷம்ங்கறது சுவர் ஆனதுக்குக் காரணம் உடம்பு இல்ல, கணக்கு. மைல்ங்கறதே ஒரு விசித்திரமான அளவு, ரோமானியங்களோட ஆயிரம் எட்டுல ஆரம்பிச்சு, 1593ல இங்கிலாந்துல முதலாம் எலிசபெத் ராணி காலத்துச் சட்டம் ஒண்ணு அத 5280 அடின்னு நிறுத்துச்சு, அதாவது 1760 கெஜம். பழைய இங்கிலீஷ் ட்ராக் ஒரு ரவுண்டு 440 கெஜம், அப்ப நாலு ரவுண்டு போட்டா கரெக்டா ஒரு மைல். நாலு ரவுண்டு, நாலு நிமிஷம், ரவுண்டுக்கு அறுவது செகண்ட். பாக்கறதுக்கு எவ்ளோ அழகா இருக்கு பாருங்க, அந்த அழகுதான் சுவர். இதுவே 1500 மீட்டர்ல பாத்தா கிட்டத்தட்ட 3:42, 3:43ன்னு வரும், அதுக்கு யாராவது கவிதை எழுதுவாங்களா? சாட்சியே இருக்கு. 1954 ஜூன்ல அமெரிக்காவோட வெஸ் சான்டீ ஒரு மைல் ரேஸ்ல போற வழியிலயே 1500 மீட்டர 3:42.8ல தாண்டினாரு, அது உலக சாதனை. ஆனா மைல முடிக்கும்போது 4:00.6. உலக சாதனை பண்ணவர எல்லாரும் அய்யோ பாவம் மிஸ் பண்ணிட்டாருன்னுதான் பாத்தாங்க.

சரி, பழைய கதைக்கு வருவோம். 1886ல லண்டன்ல லில்லி பிரிட்ஜ் மைதானத்துல வால்டர் ஜார்ஜும் ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் கம்மிங்ஸும் மோதினாங்க. ஜார்ஜ் மருந்துக்கடையில அப்ரென்டிஸா இருந்தவரு, நாள் பூரா கடையிலயே நிக்கணும், ஓடப் போக நேரம் இல்ல, அதனால நின்ன எடத்துலயே முட்டிய இடுப்பு வரைக்கும் தூக்கித் தூக்கி ஓடற ஒரு பயிற்சிய அவரே கண்டுபிடிச்சு வச்சிருந்தாரு. அந்த ரேஸ்ல கம்மிங்ஸ் கடைசி ரவுண்டுல துவண்டு விழுந்துட்டாரு, ஜார்ஜ் 4 நிமிஷம் 12 முக்கா செகண்ட்ல முடிச்சாரு. இதுல ஒரு கூத்து என்னன்னா அவர் அப்ப ப்ரொஃபஷனல், காசுக்கு ஓடறவரு. 1912ல சர்வதேச தடகள சங்கம் ஆரம்பிச்சு, முதல் அதிகாரபூர்வ மைல் சாதனைன்னு அவங்க எழுதி வச்சது 1913ல அமெரிக்காவோட ஜான் பால் ஜோன்ஸ் ஓடின 4:14.4. அதாவது 27 வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் ஓடினத விட ஒன்றரை செகண்டுக்கும் மேல ஸ்லோ! காசு வாங்கி ஓடினா அது ஓட்டமே இல்லன்னு ஒரு கணக்கு. இந்த காசு விவகாரம் இந்தக் கதையில திரும்பத் திரும்ப வரும், ஞாபகம் வச்சுக்கங்க.

அதுக்கப்புறம் 1915ல நார்மன் டேபர் 4:12.6, 1923ல பின்லாந்தோட பாவோ நூர்மி 4:10.4, 1931ல பிரான்ஸோட ஜூல்ஸ் லாடூமெக் 4:09.2, அப்புறம் லவ்லாக், கன்னிங்ஹாம்னு கொஞ்சம் கொஞ்சமா சுரண்டிக்கிட்டே வந்தாங்க. 1937ல சிட்னி உட்டர்சன்னு கண்ணாடி போட்ட ஒல்லியான லண்டன்காரர் மோட்ஸ்பர் பார்க் ட்ராக்ல 4:06.4 ஓடினாரு, அது ஹேண்டிகேப் ரேஸ், அதாவது மத்தவங்கள முன்னாடி முன்னாடி நிக்க வச்சு, இவர கடைசிலேருந்து ஓட விட்டு ஒவ்வொருத்தரா துரத்திப் புடிக்க வச்சாங்க. ரெக்கார்டுக்குன்னே போட்ட செட்டப்தான், ஒத்துக்கிட்டாங்க. மோட்ஸ்பர் பார்க்ங்கற பேரையும் ஞாபகம் வச்சுக்கங்க.

எனக்கு இந்த மொத்த வரலாத்துலயே புடிச்ச பகுதி அடுத்து வர்ற ஸ்வீடன் கதைதான், நம்ம ஃபார்வர்ட்ல ஒரு வரி கூட வராதது. ரெண்டாம் உலகப் போர் நடக்குது, ஐரோப்பா பத்தி எரியுது, ஸ்வீடன் நடுநிலை நாடு, அங்க மட்டும் ஸ்டேடியம் நெறயுது. குண்டர் ஹெக்னு ஒருத்தர், மரம் வெட்டற குடும்பம், அப்புறம் தீயணைப்பு வேலை. இன்னொருத்தர் ஆர்னே ஆண்டர்சன், ஸ்கூல் வாத்தியாரு. 1942 ஜூலை 1ல ஹெக் 4:06.2, ஒம்பது நாள் கழிச்சு ஆண்டர்சன் அதே 4:06.2, செப்டம்பர்ல ஹெக் 4:04.6, 1943ல ஆண்டர்சன் 4:02.6, 1944ல அவரே 4:01.6, 1945 ஜூலை 17ல மால்மோவுல ஹெக் 4:01.4. மூணே வருஷத்துல ரெண்டு பேருமா சேந்து அஞ்சு செகண்ட வழிச்சு எடுத்துட்டாங்க. மனசுல சுவர் இருந்தவங்க ஓடற ஓட்டமா இது? இன்னும் ரெண்டு சீசன் விட்டிருந்தா முடிச்சிருப்பாங்கன்னுதான் நான் நெனைக்கறேன்.

ஆனா விடல. ரேஸ் நடத்தறவங்க கிட்ட மறைமுகமா காசு வாங்கினாங்கன்னு சொல்லி ரெண்டு பேருக்கும் ஆயுள் தடை. அவ்ளோதான், உலகத்துலயே நாலு நிமிஷத்துக்கு ரொம்பக் கிட்ட வந்த ரெண்டு பேர் வீட்டுக்குப் போயாச்சு. மத்த நாடுங்கள்ல ஒரு தலைமுறையே போர்ல போயிருக்கு, இல்லன்னா ரேஷன் சாப்பாட்டுல இருக்கு. இதனாலதான் 4:01.4 ஒம்பது வருஷம் அப்படியே நின்னுச்சு. வெளியிலேருந்து பாத்தா யாராலயும் தாண்ட முடியாத சுவர் மாதிரி தெரிஞ்சது, உள்ள போய் பாத்தா தாண்டக்கூடியவங்களுக்கு கேட்ட பூட்டி வச்சிருந்தாங்க.

பானிஸ்டர் இந்த எடத்துலதான் வர்றாரு. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸ்ல 1500 மீட்டர்ல நாலாவது வந்து மெடல் இல்லாம திரும்பினவரு, அங்க மட்டும் ஜெயிச்சிருந்தா ஓட்டத்தையே விட்டுட்டு டாக்டர் வேலைய பாக்கப் போயிருப்பாரு. 1953 ஜூன்ல அதே மோட்ஸ்பர் பார்க்ல ஸ்கூல் பசங்க ரேஸுக்கு நடுவுல கமுக்கமா ஒரு மைல் ஓட்டத்த சொருகினாங்க. ஓடினது மூணே பேர். டான் மெக்மில்லன் முதல்ல வேகத்த புடிச்சாரு, பானிஸ்டரோட நண்பர் கிறிஸ் பிராஷர் வேணும்னே ஆமை மாதிரி ஓடிக்கிட்டே இருந்து பானிஸ்டர் ஒரு ரவுண்டு முன்னாடி வந்து சேர்ற வரைக்கும் காத்திருந்து, அப்புறம் கூடவே ஓடி இழுத்துட்டுப் போனாரு. 4:02.0 வந்துச்சு. பிரிட்டிஷ் சங்கம் பாத்துட்டு இது நேர்மையான போட்டி இல்ல, சாதனையா ஏத்துக்க முடியாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. உட்டர்சனுக்கு முன்னாடி ஆள நிறுத்தினா ஓகே, பானிஸ்டருக்கு பின்னாடியிலேருந்து ஆள் வந்தா தப்பு. எது ஓட்டம் எது நாடகம்ங்கற கோடு அவ்ளோ மெல்லிசு.

அதனால அடுத்த ப்ளான் கோட்டுக்கு இந்தப் பக்கமே இருக்கற மாதிரி போட்டாங்க. பானிஸ்டருக்கு லண்டன்ல செயின்ட் மேரீஸ் ஆஸ்பத்திரியில வேலையும் படிப்பும், மத்தியான சாப்பாட்டு நேரத்துல பக்கத்துல பாடிங்டன் பார்க் ட்ராக்ல ஓடுவாரு. பயிற்சி எளிமையா சொன்னா, ஒரு ரவுண்டு வேகமா ஓடறது, ரெண்டு நிமிஷம் ரெஸ்ட், திரும்ப ஒரு ரவுண்டு, இப்படி பத்து. ஆரம்பத்துல ரவுண்டுக்கு 66 செகண்ட், மாசக்கணக்கா கொறச்சுக் கொறச்சு 61 வந்து அங்கயே சிக்கிக்கிச்சு. கடுப்பாகி பிராஷரோட ஸ்காட்லாந்துக்குப் போய் பாறை ஏறினாங்க, சில நாள் ஓடவே இல்ல, திரும்பி வந்து ஓடினா 59.

1954 மே 6. காலையில ஆஸ்பத்திரி லேப்ல இருந்த சாணைக்கல்லுல ஷூவோட ஆணிய கூர் பண்ணி, கரித்தூள் ட்ராக் ஒட்டக்கூடாதுன்னு கிராஃபைட் தடவினாரு. அன்னிக்கு ட்ராக்னா நாம இப்ப டிவில பாக்கற செவப்பு ரப்பர் இல்ல, எரிஞ்ச நிலக்கரிச் சாம்பல் கொட்டி இறுக்கின தரை, மழை பேஞ்சா சகதி. ட்ரெயின்ல ஆக்ஸ்ஃபோர்ட் போனாரு, பயிற்சியாளர் ஃப்ரான்ஸ் ஸ்டாம்ஃபிள் கூட இருந்தாரு, காத்து பலமா இருந்தாலும் இன்னிக்கு விட்டா இன்னொரு நாள் கிடைக்காம போகலாம்னு சொன்னாரு. இஃப்லி ரோடு ட்ராக்குக்குப் பக்கத்துல ஒரு சர்ச், அது மேல கொடி பறக்குது. பானிஸ்டர் சாயங்காலம் வரைக்கும் அந்தக் கொடியவே பாத்துக்கிட்டு இருந்தாரு. ரேஸுக்கு கொஞ்ச நேரம் முன்னாடி கொடி தொங்க ஆரம்பிச்சுச்சு, சரி ஓடிடலாம்னாரு.

மொத்தம் ஆறு பேர். முதல்ல பிராஷர் ஃபவுல் ஸ்டார்ட், திரும்ப நின்னாங்க. துப்பாக்கி வெடிச்சதும் ப்ளான்படி வேகம் புடிக்க பிராஷர் முன்னாடி, பின்னாடி பானிஸ்டர், அதுக்குப் பின்னாடி இன்னொரு நண்பர் கிறிஸ் சாட்டவே. முதல் ரவுண்டுலயே பானிஸ்டருக்கு ஸ்லோவா போற மாதிரி தோணி வேகமா போன்னு கத்தினாரு, பிராஷர் காதுலயே வாங்கல, வாங்காததுதான் நல்லது, ஏன்னா முதல் ரவுண்டு 57.5 வந்துச்சு, அதுக்கு மேல போயிருந்தா எல்லாரும் நடுவழியில நாக்கு தள்ளி நின்னிருப்பாங்க. பாதி தூரம் 1:58. பிராஷர் ஓய்ஞ்சதும் சாட்டவே முன்னாடி வந்து கடைசி ரவுண்டுல பாதி வரைக்கும் இழுத்தாரு. மூணு ரவுண்டு முடியும்போது 3 நிமிஷத்த ஒரு துளி தாண்டியிருந்துச்சு, அதாவது கடைசி ரவுண்டு 59க்குள்ள ஓடியே ஆகணும். பானிஸ்டர் சாட்டவேய தாண்டினாரு, ஓடினாரு, டேப்ப தாண்டி ஆளுங்க கையில விழுந்தாரு.

அறிவிப்பு பண்ணது நாரிஸ் மெக்விர்ட்டர், பின்னாடி தம்பியோட சேந்து கின்னஸ் புக் ஆரம்பிச்சாரே அவரேதான். மனுஷன் வேணும்னே இழுத்தாரு, இது இந்த மைதானத்தோட சாதனை, இந்த நாட்டு சாதனை, ஐரோப்பிய சாதனை, உலக சாதனைன்னு ஒண்ணொண்ணா அடுக்கிட்டு, நேரம் மூணு நிமிஷம்னு சொன்னாரு, மிச்சம் யாருக்கும் கேக்கல, அவ்ளோ கத்தல். 3:59.4. இதுல வேடிக்கை, அந்த ரேஸ்ல மூணு பேர் ஓட்டமும் ஒரே ஓட்டம்தான், டைம் மட்டும் ஒருத்தர் பேர்ல எழுதிட்டாங்க. பானிஸ்டரே ஆயுசு பூரா மத்த ரெண்டு பேரப் பத்திப் பேசாம இருந்ததில்ல.

46 நாள் கழிச்சு ஜூன் 21ல பின்லாந்தோட தூர்குவுல லாண்டி 3:57.9 ஓடினாரு. அன்னிக்கு விதிப்படி மேல் பக்கமா ரவுண்ட் பண்ணி 3:58.0ன்னு பதிவாச்சு. பானிஸ்டர் ஓடினதப் பாத்து லாண்டிக்கு நம்பிக்க வந்துச்சு, அதான் ஓடினாருன்னு ஃபார்வர்ட் ஆளுங்க சொல்லுவாங்க, ஆனா லாண்டி 1952 டிசம்பர்லயே ஆஸ்திரேலியாவுல கூட ஓட ஒரு ஆள் சரியா இல்லாம 4:02.1 ஓடிட்டாரு, அப்புறம் திரும்பத் திரும்ப 4:02லயே முட்டிக்கிட்டு இருந்தாரு. தூர்குவுல மாறினது ரெண்டு விஷயம், நல்ல ஐரோப்பிய ட்ராக், அப்புறம் கடைசி ரவுண்டு வரைக்கும் முதுகுக்குப் பின்னாடியே துரத்திக்கிட்டு வந்த ஒரு ஆள். யாரு? அதே சாட்டவே! இந்த மனுஷன் ரெண்டு சாதனையிலயும் ரெண்டாவதா வந்திருக்காரு. அவருக்கு ஒரு சிலை வைக்கலாம்.

சிலை இருக்கறது வேற எடத்துல. ஆகஸ்ட் 7, கனடாவோட வான்கூவர், பானிஸ்டரும் லாண்டியும் நேருக்கு நேர். லாண்டி முன்னாடியே ஓடினாரு, கடைசி வளைவுல பானிஸ்டர் எங்கன்னு இடது தோளுக்கு மேல திரும்பிப் பாத்தாரு, அதே நொடியில பானிஸ்டர் வலது பக்கமா தாண்டிட்டாரு. 3:58.8, 3:59.6. அந்தத் திரும்பற நொடியத்தான் வெண்கலத்துல செஞ்சு வச்சிருக்காங்க. லாண்டிக்கு ரேஸுக்கு முன்னாடியே உடைஞ்ச ஃப்ளாஷ் பல்பு மேல கால் வச்சு பாதம் கிழிஞ்சிருந்துச்சு, அவர் அத ஒரு சாக்கா சொல்லவே இல்ல.

இதுக்கப்புறம் ஆம்பளைங்க லிஸ்ட் சரசரன்னு எறங்குது. 1958ல டப்ளின்ல ஹெர்ப் எலியட் 3:54.5, அந்த ஒரே ரேஸ்ல அஞ்சு பேர் நாலு நிமிஷத்துக்குள்ள. 1962ல நியூசிலாந்தோட பீட்டர் ஸ்னெல் வாங்கனூயில புல்லு ட்ராக்ல 3:54.4. 1966, 67ல ஜிம் ரையன், 1975ல தான்சானியாவோட ஃபில்பர்ட் பாயி 3:51.0, மூணே மாசத்துல ஜான் வாக்கர் 3:49.4. 1976ல சர்வதேச சங்கம் கெஜக் கணக்கு தூரங்கள எல்லாம் சாதனைப் பட்டியல்லேருந்து தூக்குச்சு, மைல மட்டும் தொட தைரியம் வரல. நம்ம ஊர்லயே பாருங்க, கிலோமீட்டருக்கு மாறி இத்தன வருஷம் ஆகியும் இன்னும் மைல்கல்லுன்னுதான சொல்றோம்.

அப்புறம் கோ, ஒவெட். ரெண்டு இங்கிலாந்துக்காரங்க, ஒருத்தர ஒருத்தர் ட்ராக்ல பாக்கறதே அபூர்வம். 1980 ஜூலை 1, ஆஸ்லோ, சாயங்காலம் செபாஸ்டியன் கோ 1000 மீட்டர் சாதனைய ஒடச்சாரு, 800, 1000, 1500, மைல் நாலும் அவர் கையில, சுமார் ஒரு மணி நேரம்தான், அதே மைதானத்துல ஸ்டீவ் ஒவெட் வந்து மைல புடுங்கிட்டாரு, 3:48.8. அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல இன்னும் மோசம், 19ந்தேதி ஜூரிச்ல கோ 3:48.53, 26ந்தேதி கோப்லென்ஸ்ல ஒவெட் 3:48.40, 28ந்தேதி பிரஸ்ஸல்ஸ்ல கோ 3:47.33. ஒவெட்டோட சாதனை ரெண்டு நாள் கூட முழுசா உக்காரல. மூணு ஊரு, மூணு ரேஸ், ஒண்ணுல கூட ரெண்டு பேரும் சேந்து ஓடல. ஒவ்வொரு ஊர்லயும் ரேஸ் நடத்தறவங்க பேஸ்மேக்கர், அதாவது முன்னாடி ஓடி வேகம் புடிச்சுக் குடுக்கற ஆள வச்சு, டிவிக்கு டைம் குறிச்சு, எதிராளி இல்லாத ஒரு ரேஸ செட் பண்ணிக் குடுத்தாங்க. 1953ல மோட்ஸ்பர் பார்க்ல தப்புன்னு சொன்னதோட சுத்தமான வடிவம் இது, இப்ப இதுக்குப் பேரு தொழில். அப்புறம் 1985ல ஸ்டீவ் கிராம் 3:46.32, 1993ல அல்ஜீரியாவோட மோர்செலி 3:44.39.

பொம்பளைங்க கதைய தனியா சொல்லணும், ஏன்னா அங்கதான் நெஜமான சுவர் இருந்துச்சு, பேப்பர்ல எழுதின சுவர். பானிஸ்டர் ஓடி 23 நாள் கழிச்சு, 1954 மே 29, பர்மிங்ஹாம்ல டயான் லெதர்னு ஒரு கெமிஸ்ட் ஒரு மைல 4:59.6ல ஓடினாங்க, அஞ்சு நிமிஷத்துக்குள்ள ஓடின முதல் பொண்ணு. மூணு நாள் முன்னாடிதான் 5:00.2ல மயிரிழையில விட்டிருந்தாங்க. அடுத்த வருஷம் 4:45.0 வரைக்கும் கொண்டு போனாங்க. இதுல ஒண்ணு கூட உலக சாதனைன்னு பதிவாகல, ஏன்னா பொண்ணுங்க மைலுக்கு சாதனைப் பட்டியலே 1967 வரைக்கும் கிடையாது. 1928 ஒலிம்பிக்ஸ் 800 மீட்டர்ல பொண்ணுங்க களைச்சுப் போனாங்கன்னு காரணம் காட்டி, 1960 வரைக்கும் ஒலிம்பிக்ஸ்ல 200 மீட்டருக்கு மேல பொண்ணுங்கள ஓடவே விடல, 1500 மீட்டர் வந்தது 1972ல. இதயம் வெடிச்சிரும்னு பயம் காட்டின டாக்டருங்க கதை நெஜமா பொருந்தற எடம் இதுதான், ஆனா இத யாரும் ஃபார்வர்ட் பண்றதில்ல.

ஆம்பளைங்க சாதனை 1999 ஜூலை 7ல ரோம்ல போய் நின்னுச்சு. மொராக்கோவோட ஹிஷாம் எல் கெரூஜ் 3:43.13, பின்னாடியே ஒட்டிக்கிட்டு வந்த கென்யாவோட நோவா இங்கெனி 3:43.40, ரெண்டு பேருமே பழைய சாதனைய ஒடச்சாங்க, ஒருத்தர் பேருதான் நிக்குது. 400 மீட்டருக்கு 55 அரை செகண்ட் கணக்கு அது. கால் நூற்றாண்டு தாண்டியும் அப்படியே இருக்கு. ஒரு காரணம் மைல இப்ப யாரும் அடிக்கடி ஓடறதில்ல, மெடல் எல்லாம் 1500ல இருக்கு, வருஷத்துக்கு ஒரு சில நல்ல ரேஸ்தான். இன்னொரு காரணம் அன்னிக்கு இங்கெனி மாதிரி ஒருத்தர் கடைசி வரைக்கும் மூச்சு விடற தூரத்துல இருந்தது. 2023ல யூஜீன்ல நார்வேயோட யாக்கோப் இங்கெப்ரிக்ட்சன் 3:43.73 வரைக்கும் வந்தாரு, ஒரு செகண்ட்ல நூத்துல அறுவது பங்குதான் பாக்கி. ட்ராக் ஓரத்துல வேகத்த காட்டிக்கிட்டே ஓடற லைட் இருக்கு, கார்பன் தட்டு வச்ச ஸ்பைக்ஸ் இருக்கு, இன்னும் ஒடையல.

பொண்ணுங்க பக்கம் இப்பதான் ஆட்டம் சூடா இருக்கு. 1996ல மாஸ்டர்கோவா 4:12.56, அது 23 வருஷம் நின்னுச்சு, 2019ல சிஃபான் ஹசன் 4:12.33ன்னு கால் செகண்டுக்கும் கம்மியா கொறச்சாங்க, 2023 ஜூலை 21ல மொனாக்கோவுல கென்யாவோட ஃபெய்த் கிப்யேகான் 4:07.64ன்னு ஒரே அடியில நாலரை செகண்டுக்கு மேல வெட்டினாங்க. அப்புறம் 2025 ஜூன் 26ல பாரிஸ்ல நைக்கி கம்பெனி ஏற்பாட்டுல அவங்களுக்குன்னே ஒரு நாலு நிமிஷ முயற்சி. முன்னாடியும் பின்னாடியும் காத்த மறைக்க 13 பேஸ்மேக்கருங்க, அதுல ஆம்பளைங்களும் உண்டு, உடம்போட ஒட்டின ஸ்பெஷல் டிரெஸ், புது ஸ்பைக்ஸ், எதிராளின்னு ஒருத்தர் கூட இல்ல. 4 நிமிஷம் 6 செகண்ட் சொச்சம். தன்னோட டைமயே கொறச்சாங்க, ஆனா பிராஷர் மோட்ஸ்பர் பார்க்ல பின்னாடியிலேருந்து வந்து சேந்த கதை மாதிரிதான், இதுவும் விதிக்கு வெளிய. ரெக்கார்டு புக்ல இன்னும் 4:07.64தான் இருக்கு.